டிரம்பெட்டா, யூஃபோனியமா?
எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிப்பவள். பல்லுக்குக் கம்பி கட்டியதும் உதடெல்லாம் புண். "யூஃபோனியத்துக்கு மாறிடும்மா" என்றார் பேண்ட் மாஸ்டர். "முன்வரிசை போயிடுமே!" என்று இவள் ஒரே அழுகை.

விசாரித்தேன். இரண்டிலும் விரல் வைக்கும் முறை ஒன்றுதான். யூஃபோனியத்தின் குழாய் இரு மடங்கு நீளம். அதனால் ஒலி ஒரு ஸ்தாயி கீழே. வாய் வைக்கும் பகுதி அகலம் என்பதால் உதட்டில் அழுத்தம் ஓரிடத்தில் குவியாது. ஆனால் கனமும் அதிகம், மூச்சும் நிறைய வேண்டும்.

"ரெண்டு வாரம் வாசிச்சுப் பாரு, அப்புறம் நீயே சொல்லு" என்றேன். புண் ஆறியது; அவளே மாறிக்கொண்டாள். தூக்கிக்கொண்டு மார்ச் பண்ணத்தான் தோள் வலிக்கிறதாம்!

தோழிகளே, பிள்ளைகள் கருவியை மாற்ற நேர்ந்தால் நாமே முடிவு கட்டாமல், முதலில் வாசித்துப் பார்க்க விடுங்களேன்.

- ஒரு வாசகி, திருச்சி.