வலி தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

சோழபுரத்திலிருந்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகள் சாலைவழியே எட்டும் தொலைவில்தான் உள்ளன. எனினும், நள்ளிரவில் வலி கண்டபின் ‘பொய்வலியா, மெய்வலியா’ என்று வீட்டார் தயங்குவதில் அரிய நேரம் கழிந்துவிடுகிறது.

பொய்வலி ஒழுங்கின்றி வரும். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணியும். மெய்வலி இடைவெளி குறைந்துகொண்டே வந்து, நேரம் செல்லச்செல்லக் கடுமையாகும். முதற்பிரசவமாயின், 5 நிமிடத்திற்கு ஒருமுறை, ஏறத்தாழ 1 நிமிடம் நீடிக்கும் வலி 1 மணி நேரம் தொடர்ந்தால் புறப்படுங்கள். அடுத்த பிரசவங்கள் விரைவில் நிகழக்கூடும். அப்போது அவ்வளவு நேரம் காத்திருத்தல் கூடாது.

பின்வரும் நிலைகளில் வலிக்காகக் காத்திராமல் உடனே வருக:

• பனிக்குடம் உடைதல்
• உதிரப்போக்கு
• குழந்தையின் அசைவு குறைதல்
• கடுந்தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு
• 37 வாரம் நிறைவதற்கு முன்பே விட்டுவிட்டு வரும் வலி

108 ஆம்புலன்ஸ் சேவை கட்டணமற்றது. அழைக்கும்போது ஊர், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியைத் தெளிவாகக் கூறுங்கள்.

எட்டாம் மாதத்திலேயே ஒரு பையில் தாய்சேய் நல அட்டை, ஸ்கேன் மற்றும் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், ஆதார் நகல், தாய்க்கும் சேய்க்கும் துவைத்த பருத்தித் துணிகள், நாப்கின்கள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். உடன் வருபவர் யார், வீட்டிலுள்ள மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார், தேவைப்பட்டால் இரத்தம் கொடுப்பவர் யார் என்பவற்றையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

ஐயம் எழுந்தால் வந்துவிடுங்கள். பொய்வலி எனில் பரிசோதித்து வீட்டிற்கு அனுப்புவோம். அதற்காகக் கூச்சப்பட வேண்டியதில்லை.