அங்கொடையில் இல்லாத ஆள்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு 155 பஸ்ஸில் போகும்போது, பின் சீட்டில் இருந்த பெடியன் சொன்னான்: “அவன் ஒரு சைக்கோ மச்சான், அங்கொடைக்குத்தான் அனுப்போணும்.” கொழும்பில் நாள்தோறும் காதில் விழுகிற பேச்சு. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனது நோகும்.

அங்கொடையில், இன்றைய தேசிய மனநல நிறுவகத்தில், சிகிச்சை பெறுபவர்களில் பலர் மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்கள். இல்லாத குரல் அவர்களுக்குக் கேட்கும்; அதைக் கேட்டுப் பயந்து நடுங்குவதும் அவர்கள்தான். சைக்கோபதி வேறு. அதில் குரலும் இல்லை, பிரமையும் இல்லை. தான் செய்வது என்னவென்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவரின் வலிதான் தைக்காது. 1941இல் இதை விரிவாக எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி, தன் நூலுக்குத் ‘தெளிந்த மனம் என்னும் முகமூடி’ என்ற பொருளில் பெயர் வைத்தார்.

ஹிட்ச்கொக்கின் 1960ஆம் ஆண்டு ‘சைக்கோ’ படத்துக்குப் பிறகு, சைக்கோ என்றால் கத்தியோடு நிற்கிறவன் என்றாகிவிட்டது. ஆனால் சைக்கோபதியை அளக்கும் கனடா உளவியலாளர் ரொபர்ட் ஹெயாரின் அளவுகோலில் 20 அம்சங்கள் உண்டு. கொலை என்று ஒன்று அதில் இல்லை. மேலோட்டமான கவர்ச்சி, கூசாத பொய், குற்ற உணர்வின்மை, அடுத்தவரை உறிஞ்சி வாழ்வது இவையெல்லாம் இருக்கின்றன. மொத்தம் 40 புள்ளி. வட அமெரிக்காவில் 30 வந்தால்தான் அந்தப் பெயர்.

ஒழுங்கைக்குள் சீட்டுப் பிடிக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவரின் காசை விழுங்கிவிட்டு, அவருடைய செத்தவீட்டில் முன்னுக்கு நின்று தேத்தண்ணி கொடுக்கிறார். செத்தவரின் மனைவியின் கையைப் பிடித்து, “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா” என்கிறார். குரல் தழுதழுக்கிறது. மூன்றாம் நாள் அவவிடமே புதுச் சீட்டுக்கு வந்து நிற்கிறார். இதை மட்டும் வைத்து அவருக்கும் பெயர் சூட்ட முடியாது. நீண்ட நேரம் கதைத்து, பழைய பதிவுகளையும் பார்த்த பயிற்சி பெற்றவர்தான் சொல்லலாம்.

நெதர்லாந்தில் ஹார்மா மெஃபர்ட், கிறிஸ்டியன் கைசர்ஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை உலுக்கியது. சைக்கோபதி உள்ள 18 குற்றவாளிகளுக்கு, ஒரு கை இன்னொரு கையைத் தடவுவதையும் அடிப்பதையும் காணொளியில் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். சும்மா பார்த்தபோது, அடுத்தவரோடு சேர்ந்து உணர்கிற பகுதிகள் மற்றவர்களைவிட மந்தமாகக் கிடந்தன. “அவர் உணர்வதை நீங்களும் உணர்ந்து பாருங்கள்” என்றதும் அதே பகுதிகள் விழித்துக்கொண்டன. வித்தியாசம் பெருமளவு குறைந்தது. உணர்வு இல்லாமல் இல்லை. தானாக எழுவதில்லை.

அந்தச் சீட்டுக்காரர் அப்படிப்பட்டவராகவே இருந்தாலும், கையைப் பிடித்த அந்த நேரம் உள்ளே ஏதோ உண்மையாகவே எழும்பியிருக்கலாம். வாசலில் செருப்பைப் போடும்போது அது அணைந்திருக்கும்.