பழைய சுவரும் புதிய பூச்சும்

சேலம் நகரில் கோட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை முதலிய பகுதிகள் பழமை வாய்ந்தவை. குகையிலும், கீழ்த்திசையிலுள்ள அம்மாப்பேட்டையிலும் நெசவாளர் பெருமக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள பழைய ஓட்டு வீடுகளை இக்காலத் தேவைக்கேற்பப் பலர் மாற்றியமைக்கின்றனர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. பாட்டனார் கட்டிய வீட்டில் பேரனுக்குக் குளியலறை வேண்டாமா? ஆயினும், சுவரில் கை வைக்குமுன் அச்சுவர் எத்தன்மையது என்று அறிந்துகொள்ளுதல் நலம்.

பழைய செங்கற் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையால் எழுப்பப்பட்டவை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்கிவிடுகின்றது. எஞ்சியதை நீரில் நீற்றி, மணல் சேர்த்து அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள அதே வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று அது மீண்டும் கல்லாகின்றது. இதற்கு மாதங்கள், ஏன், ஆண்டுகள்கூட ஆகும். அவ்வாறு இறுகிய காரை முழுவதும் நுண்துளைகளே. தரையிலிருந்து சுவரேறும் ஈரம் அத்துளைகளின் வழியே வெளிப்பட்டு ஆவியாகிவிடும்.

சிமெண்டும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து பிறப்பதே. அக்கல் வளமாகக் கிடைக்கும் சங்ககிரியில் சிமெண்டு ஆலை எழுந்ததை நாம் அறிவோம். ஆனால் களிமண் முதலியவற்றோடு கூட்டி, 1,450 பாகை அளவில் சுடும்போது அதன் குணம் வேறாகிவிடுகின்றது. விரைவில் இறுகும், ஈரத்தை எளிதில் வெளிவிடாது. பழைய சுவருக்கு இதனைப் பூசினால், உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றி மேலே மேலே ஏறும். உடன் கொண்டுசென்ற உப்பு பூச்சின் பின்னே படிகமாகிச் செங்கல்லையே பொரித்துவிடும்.

வகுப்பில் சுண்ணக்கட்டியை மைநீரில் நிறுத்தி, மை மேலேறும் விந்தையைப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு காட்டியவன் நான். அவ்விந்தை என் வீட்டுச் சுவரிலேயே நிகழ்ந்தபோது எனக்கு விளங்கவில்லை! கூடத்துச் சுவருக்குச் சிமெண்டு பூசி, வழவழப்பான வண்ணமும் அடித்தேன். இரண்டே மழைக்காலத்தில் முழங்காலளவு நின்ற ஈரம் மார்பளவு ஏறிற்று. கொத்தனாரைக் கடிந்துகொண்டேன். அவர் மேலும் ஒரு பூச்சுப் பூசினார், நோய் முற்றியது.

பின்னரே சுண்ணாம்பு வேலை அறிந்த முதியவர் ஒருவர் வந்து பூச்சு முழுவதையும் உரிக்கச் சொன்னார். ஒரு கோடை முழுதும் சுவரை வெறுமையாகவே உலரவிட்டோம். பிறகு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்குமாகக் கலந்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசினார். செலவும் நாளும் கூடுதலே, அதனை மறைப்பதற்கில்லை.

நெசவாளர் வீடுகளில் இன்னொன்றையும் கருதவேண்டும். குழித்தறியின் பள்ளத்திலுள்ள ஈரம் நூல் அறுந்துபோகாமல் காப்பது. தறி போனபின் அக்குழியை இடிபாடுகளால் நிரப்பி, மேலே பளபளக்கும் ஓடு பதித்துவிடுகின்றனர். மேல்வழி அடைபட்ட ஈரம் பக்கத்துச் சுவரை நாடுகின்றது. குழியை நன்கு உலர்த்தி, பருமணலும் சரளையும் இட்டு மூடுவதே தக்கது.

முற்றத்தைத் தகரத்தால் மூடுவதும் இவ்வகைப் பிழையே. சேலத்துச் சித்திரை வெயிலில் வீட்டின் வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேறும் வாயில் முற்றமன்றோ? மழைச்சாரலுக்கு அஞ்சுவோர் கூரையைச் சற்று உயர்த்தி, நாற்புறமும் காற்றுக்கு இடம் விட்டு அமைக்கலாம்.

என் வீட்டுக் கூடத்தில் இப்போது ஈரம் ஓரடிக்கு மேல் ஏறுவதில்லை. சமையலறைச் சுவர் மட்டும் கைப்பொருள் போதாமையால் சிமெண்டுப் பூச்சோடு இன்னும் பொரிந்துகொண்டிருக்கின்றது. வரும் கோடையில் அதனை உரிக்கவேண்டும்.