கரடி இருக்கும் வழி

மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். அமாவாசை வந்தால் பாலாறு வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் வரும். தாளபெட்டாவிலிருந்து ஏறுகிறவர்களும் உண்டு. வழியெல்லாம் காடு. அந்தக் காட்டில் கரடி இருக்கிறது.

சாமராஜநகர் 1997-இல் மைசூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. பந்திப்பூர், பிளிகிரிரங்கன் மலை என்று இரண்டு புலிக் காப்பகங்கள் இங்கே உள்ளன. யானை, புலி என்றால் எல்லோரும் பயப்படுகிறோம். கரடியை அவ்வளவாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டும்.

நம் காட்டுக் கரடி கறுப்பு. உடம்பெல்லாம் சடை முடி. நெஞ்சில் மட்டும் வெள்ளையாக ஒரு வளைவு. மனிதனைத் தின்பதற்காக அது வருவதில்லை. அதற்குப் பிடித்தது கரையான், எறும்பு, தேன், பழம். மேல்வரிசையில் அதற்கு நடுப்பற்கள் இரண்டு கிடையாது. புற்றை நகத்தால் உடைக்கும். வாயை வைத்து ஊதும், பிறகு உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. உறிஞ்சும் மும்முரத்தில் நாம் வருவது அதற்குத் தெரியாது. கண்ணும் காதும் அதற்குக் கூர்மை இல்லை, மூக்குதான் கூர்மை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் நம் வாசனையும் போய்ச் சேராது. திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்ததும் மிரண்டு பாய்ந்துவிடும். முகத்திலும் தலையிலும் கடிக்கும். குட்டியோடு இருந்தால் கேட்கவே வேண்டாம். தாய்க்கரடி குட்டியை முதுகில் சுமந்துகொண்டு திரியும்.

எனவே விடியற்காலையிலும் மாலை மயங்கிய பிறகும் தனியாகக் காட்டுக்குள் போகாதீர்கள். விறகுக்குப் போனாலும், வெளிக்குப் போனாலும் இதே பேச்சுதான். நாலு பேராகப் போங்கள். பேசிக்கொண்டு போங்கள், கோலைத் தட்டுங்கள். சத்தம் கேட்டால் கரடி தானே விலகிவிடும். உண்ணிச்செடிப் புதரும் பாறை இடுக்கும் பகலில் அது படுக்கும் இடங்கள். அங்கே குனிந்து நுழையாதீர்கள்.

இரண்டு நண்பர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். ஒருவன் மரம் ஏறினான், ஒருவன் செத்தவன் போலப் படுத்தான். மரம் ஏறியவன் பிழைத்தான் என்பதை மட்டும் நம்பாதீர்கள். தேனுக்காகக் கரடி மரம் ஏறும். ஓடவும் வேண்டாம், அது நம்மைவிட வேகமாக ஓடும். தூரத்தில் கண்டால் நின்று, மெதுவாகப் பின்னால் நகருங்கள். கண்டவுடன் படுத்துவிடவும் கூடாது. மேலே பாய்ந்துவிட்டால் மட்டும் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள். முகமும் கழுத்தும் தப்பும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசி இதற்கும் தேவை. வனத்துறைக்கும் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கு மனு கொடுக்கலாம்.

கோயில் பக்கம் கரடி வருவது ஏன்? நாம்தான் கூப்பிடுகிறோம். தேங்காய், வாழைப்பழம், வெல்லம், மிச்சச் சோறு எல்லாவற்றையும் வழியில் போடுகிறோம். நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடி கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது! கேட்கச் சிரிப்பு வரும். காலையில் கதவு திறக்கப் போகிறவருக்குச் சிரிப்பு வராது. அதற்காகக் கரடிக்கு வெடியோ கண்ணியோ வைக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது பெரிய குற்றம்.

கரடி வந்து போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? உடைந்த புற்றும் தோண்டிய குழியும் இருக்கும். மண்ணில் ஐந்து விரல் தடம், அதற்கு முன்னால் நீண்ட நகக் கோடுகள் தெரியும். சாணத்தில் நாவல், கொன்றை, இலந்தைக் கொட்டைகள் கிடக்கும். சோலிகர் மக்கள் இதைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். நமக்குப் பழக நாள் ஆகும்.

இப்போது நமக்கு எழுதத் தெரியும் அல்லவா? டீக்கடையில் ஒரு நோட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கரடியைக் கண்டவர் அதில் எழுதட்டும். வனக்காவலர் வரும்போது காட்டுங்கள். பத்துப் பேர் எழுதினால், எந்த வழியில் எந்த நேரம் வருகிறது என்று தெரிந்துவிடும். நீளமாக எழுத வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

“அமாவாசைக்கு முந்தின நாள். காலை 5.30 மணி. தண்ணீர்த் தொட்டிப் பக்கம். பெரியது 1, குட்டி 2. மேற்கே போனது.”