ஒரே வசனம், மூன்று முகவரி: பைபிள் ஆப்களுக்குள் இருக்கும் 'சோர்ட்' என்ன செய்கிறது?

பைபிள் ஆப்பில் 'சங்கீதம் 51:10' என்று தட்டினால் அடுத்த நொடி வசனம் வந்துவிடுகிறது. புத்தகம், அதிகாரம், வசனம் என மூன்றே விவரம். 'இதுக்கு ஒரு எக்செல் ஷீட் போதுமே' என்றுதான் புதிதாக கோடிங் செய்பவர் நினைப்பார். ஆனால் சிக்கலே அந்த எண்களில்தான்.

தூய உள்ளம் கேட்டு தாவீது மன்றாடும் வரி அது. ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிளில் 51:10. எபிரேய பைபிளிலோ 51:12. பாடலின் தலைப்பையே எபிரேய மரபு முதல் இரண்டு வசனங்களாக எண்ணிவிடுகிறது. ரஷ்ய சினோடல் பைபிளில் அதே வரி 50:12! பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 9, 10-ம் சங்கீதங்களை ஒன்றாக்கியதால், அந்த வழியில் வந்த பைபிள்களில் பெரும்பாலான சங்கீதங்கள் ஓர் எண் பின்தங்குகின்றன.

இப்போது இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே காட்டும் ஆப் ஒன்றை எழுதுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். எண்ணை மட்டும் நம்பினால் இடதுபக்கம் ஒரு வசனம், வலதுபக்கம் சம்பந்தமே இல்லாத வேறொன்று. எர்ரர் மெசேஜ்கூட வராது.

இந்தத் தலைவலியைக் குறைக்கத்தான் சோர்ட் லைப்ரரி. கிராஸ்வயர் பைபிள் சொசைட்டி உருவாக்கிய இது, சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். சைஃபோஸ், பைபிள்டைம் போன்ற கம்ப்யூட்டர் மென்பொருள்கள் இதில் இயங்குகின்றன. ஆண்ட்ராய்டின் 'அண்ட் பைபிள்' ஆப்பில் இருப்பது இதன் ஜாவா உறவினரான ஜேசோர்ட். ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் தனி 'மாட்யூல்'. எந்த எண் முறையைப் பின்பற்றுகிறது என்பதும் அதன் கான்ஃபிக் ஃபைலிலேயே இருக்கும். ஆரம்பத்தில் கிங் ஜேம்ஸ் முறை மட்டும்தான் இருந்தது. மற்ற மரபுகளின் பைபிள்களை அதற்குள் திணிக்க வேண்டியிருந்தது. எபிரேய, சினோடல், வுல்காத்தா முறைகள் பின்னர்தான் சேர்ந்தன. காப்புரிமை உள்ள சில மாட்யூல்கள் பூட்டப்பட்டிருக்கும். திறக்க கீ வேண்டும்.

மாட்யூல்களை இணையத்திலிருந்து இறக்கும் 'இன்ஸ்டால் மேனேஜர்' பகுதியில் வேறு எந்த லைப்ரரியிலும் எளிதில் பார்க்க முடியாத ஓர் எச்சரிக்கை உண்டு. மதத்துக்காகத் துன்புறுத்தப்படும் நாட்டில் வசிப்பவர், கண்டுபிடிக்கப்படும் ஆபத்தை விரும்பாவிட்டால் இந்த வசதியைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. டேட்டா போக்குவரத்தை ஒட்டுக்கேட்பவர்களுக்கு யார் பைபிள் இறக்குகிறார்கள் என்பது தெரிந்துவிடலாம். எச்சரிக்கையை ஏற்றதாகப் பதிவாகும்வரை சோர்ட் இணையத்திலிருந்து எதையும் இறக்காது. ஏற்கெனவே கையில் உள்ள மாட்யூல் ஃபைலை போல்டரில் போட்டுவிட்டால், நெட் இல்லாமலேயே வசனம் திரைக்கு வரும்.