திரைக்குள்ளிருந்து உங்களைக் கூப்பிட்டால்...

குழந்தைகளே, டோராவை உங்களுக்குத் தெரியும்தானே? அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு தொடங்கிய இந்தக் கார்ட்டூன், பிறகு சுட்டி டிவியில் தமிழ் பேசியது. டோரா ஒரு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு, கண்ணை இமைத்தபடி நம்மைப் பார்த்துக் காத்திருப்பாள். என் பேத்தி சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தெருவே அதிரப் பதில் சொல்வாள். டோராவும் மகிழ்ந்து போவாள். பேத்தி பதிலே சொல்லாவிட்டாலும் டோரா மகிழ்ந்துதான் போவாள் என்பது வேறு விஷயம்!

நாடகத்திலும் சினிமாவிலும் வருபவர்கள் பொதுவாக நம்மைப் பார்ப்பதில்லை. மேடையை ஒரு வீடு போல ஜோடித்தால் பின்னால் ஒரு சுவர், இரு பக்கமும் இரண்டு சுவர், ஆக மூன்று. நம் பக்கம் திறந்திருக்கும். அங்கேயும் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடியுங்கள் என்று 1758-ல் பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ எழுதினார். (அப்போது எங்கள் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது!) கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுவரைத்தான் 'நான்காவது சுவர்' என்கிறார்கள். நடிகர் நம் பக்கம் திரும்பிப் பேசிவிட்டால் சுவர் உடைந்துபோகும்.

நம் தெருக்கூத்தில் உடைப்பதற்குச் சுவரே கிடையாது. கட்டியங்காரன் முதலில் வந்து சபையோருக்கு வணக்கம் சொல்வான். ராஜா வந்ததும், 'நீர் யார்? எந்த ஊர்?' என்று நமக்காக அவனே கேட்பான். நடுவில் உள்ளூர்ச் சங்கதியை இழுத்துக் கேலி செய்வான்.

எங்கள் ஊர் திருவேட்டக்குடிக்கு ஒரு தலபுராணம் உண்டு. அர்ச்சுனன் தவம் செய்தபோது சிவன் வேடனாக வந்த கதை அது. அதே அர்ச்சுனன் தவத்தை வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் கூத்தாக ஆடுவார்கள். வேஷக்காரர் உயரமான கம்பத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாவற்றையும் கீழே போடுவார். ஜனங்கள் ஓடி ஓடிப் பிடிப்பார்கள். மகாபாரதத்து அர்ச்சுனன் போட்ட பழம், வேடிக்கை பார்க்க வந்த பாட்டியின் மடியில்!

சினிமாவில் பழம் வந்து விழாது. படம் பிடிக்கும்போது நடிகர் முன்னால் நாம் யாரும் இருப்பதில்லை. கேமராவின் கண்ணாடி வில்லைதான் இருக்கும். 'கேமராவைப் பார்க்காதே' என்பதுதான் புது நடிகருக்கு முதல் பாடம். ஏன் தெரியுமா? அந்த வில்லைதான் நம் எல்லோருடைய கண்ணும். நடிகர் அதை நேராகப் பார்த்துவிட்டால், கொட்டகையில் எந்த மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும். சந்தேகமா? நேராகப் பார்க்கும் முகமுள்ள காலண்டர் படத்தைச் சுவரில் மாட்டி, இடமும் வலமுமாக நடந்து பாருங்கள். அந்தக் கண் கூடவே வரும்!

1903-ல் 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்ற அமெரிக்க மௌனப் படம் வந்தது. ரயில் கொள்ளைக் கதை, சுமார் 12 நிமிடம் ஓடும். அதில் ஒரு கொள்ளைக்காரன் நம்மை நேராகப் பார்த்துத் துப்பாக்கியால் சுடுவான். இந்தக் காட்சியைப் படத்தின் முதலிலோ கடைசியிலோ இஷ்டம்போல் காட்டலாம் என்று கம்பெனியே சொல்லிவிட்டது!

நம் நாட்டில் இதைத் துணிந்து செய்தவர் வங்காள இயக்குநர் மிருணாள் சென். 1971-ல் அவர் எடுத்த 'இன்டர்வியூ' படத்தில், வேலைக்கான நேர்காணலுக்குப் போட்டுக்கொள்ள ஒரு கோட்டு சூட்டு கிடைக்காமல் கல்கத்தாவில் ஓர் இளைஞன் அலைவான். டிராமில் ஒரு பெண் சினிமாப் பத்திரிகை புரட்டுகிறாள். அதில் இவன் படம்! உடனே நம் பக்கம் திரும்பி, தன் பெயர் ரஞ்சித் மல்லிக் என்றும், மிருணாள் சென் கேமராவோடு தன் பின்னால் வருகிறார் என்றும் சொல்லிவிடுகிறான். அது நடிகரின் நிஜப் பெயர்! கேமராமேன் கே.கே. மகாஜனையும் காட்டிவிடுவார்கள். கடைசியில், முகம் தெரியாத ஒரு ரசிகரின் குரல் அவனைக் கேள்விமேல் கேள்வி கேட்கும். அந்தக் குரலும் படத்தில் பதிவு செய்ததுதான். நீங்களும் நானும் கேட்டால் அவனுக்குக் கேட்காது.

இதெல்லாம் தெரியாத வயதில் நான் ஒரு தப்பு செய்தேன். 1988-ல் பள்ளி ஆண்டு விழாவுக்கு 'மனுநீதிச் சோழன்' நாடகம் போட்டோம். 'சபையைப் பார்க்காதே, எழுதிக் கொடுத்ததை மட்டும் பேசு' என்று பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தேன். பசு மணியடிக்க வரும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் குழந்தைகள் அழ, ஜனங்கள் எழுந்து கிளம்பத் தொடங்கினார்கள். காவலாளி வேஷம் போட்ட ஏழாம் வகுப்புப் பையன் மேடை ஓரத்துக்கு வந்தான். "ஐயாமாரே, அம்மாமாரே! யாரும் எழுந்திருக்காதீங்க. எங்க ஆராய்ச்சி மணிக்குக் கரண்ட் வேணாம்!" என்றான். ஒரே சிரிப்பு. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். பெட்ரோமாக்ஸ் வந்தது, நாடகமும் நடந்தது.

மேடைக்குப் பின்னால் நான் அவன் காதைத் திருகினேன், சபையைப் பார்த்ததற்காக. அடுத்த வருஷம் கூப்பிட்டும் அவன் நடிக்க வரவில்லை.

போன வருஷம் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறான். "அன்னிக்கு நீ பண்ணினதுதாம்ப்பா சரி. நான் அடிச்சிருக்கக் கூடாது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, யாருமே இல்லாத திண்ணைப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினான்.

"சபையோரே, கேட்டீங்களா!"