ஸ்கைப் போட்டுத் தர ஒரு தம்பி

2025 மே 5ஆம் தேதி ஸ்கைப் மூடப்பட்டது. மலேசியாவின் கேமரன் மலையில், கோலா தெர்லாவில், அதற்காக யாருடைய முகமும் சுருங்கியதாகத் தெரியவில்லை. திரிங்காப்பைத் தாண்டி கம்போங் ராஜா போகும் வழியில், ஒரு பக்கம் காய்கறிக் கூடாரங்களும் சற்றுத் தள்ளி தேயிலையுமாக இருக்கும் சின்ன ஊர் அது. பதினைந்து, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே வெளியூரில் பிள்ளை இருக்கிற வீடு என்றால், "ஸ்கைப் போட்டாச்சா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

அதற்கும் முந்தைய ஏற்பாடு அழைப்பு அட்டை. பத்து வெள்ளி கொடுத்து வாங்கி, பின்புறத்தைக் காசால் சுரண்டி, நீளமான எண்ணை ஒவ்வொன்றாக அமுக்கி, மிச்சம் எவ்வளவு என்று ஒரு குரல் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளிடம், "சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, சரி வைக்கிறேன்" என்பதோடு பேச்சு முடியும். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டுதான் போனை எடுப்பார்கள்.

ஸ்கைப் 2003 ஆகஸ்டில் வெளிவந்தது. நிறுவனர்கள் சுவீடன்காரர் ஒருவர், டென்மார்க்காரர் ஒருவர். நிரலை எழுதியவர்கள் எஸ்டோனியாக்காரர்கள். கணினி வழியாக இணையத்தில் பேசுவது அப்போது புதிதல்ல. 1995லேயே வோக்கல்டெக் என்ற இஸ்ரேல் நிறுவனம் அதற்கு மென்பொருள் விற்றது. ஆனால் அதை ஓட வைக்கக் கணினி படித்தவன் வேண்டும். ஸ்கைப்புக்கு அந்தத் தொல்லை பாதி. மீதிப் பாதிக்கு, பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு விடுமுறைக்கு வரும் ஏதாவது ஒரு தம்பியைப் பிடித்தால் போதும்.

அவன் நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவருவான். இருபது எம்பி சொச்சத்தை வீட்டு லைனில் இறக்க உட்கார்ந்தால் பாதியில் அறுந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். பிறகு ஹெட்செட். அதில் இரண்டு ஊசிகள்: இளஞ்சிவப்பு மைக்குக்கு, பச்சை காதுக்கு. மாற்றிச் செருகினால் ஒரு சத்தமும் வராது. கணக்குத் திறக்க மின்னஞ்சல் வேண்டும். அதுவும் இருக்காது, அவனே உண்டாக்குவான். கடவுச்சொல்லை நாள்காட்டியின் பின்னட்டையில் எழுதி வைப்பான், வீட்டுக்கு வருகிறவர் எல்லாரும் படிக்கும்படி.

கடைசியாகச் சோதனை அழைப்பு. ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், பீப் சத்தத்துக்குப் பிறகு பேசச் சொல்லும். பேசியதைச் சில நொடி கழித்து அப்படியே திருப்பிப் போடும். நான் பார்த்த ஒரு வீட்டில் பெரியம்மா ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"பெரியம்மா, ஏதாச்சும் பேசுங்க."

"என்னத்தடா பேசுறது?"

கொஞ்ச நேரத்தில் அவர் காதுக்குள் அதே கேள்வி வந்தது. "யாருடா இவ, என்னையே கேக்குறா?" என்றார் பெரியம்மா. தம்பிக்குச் சிரிப்பு ஒருபுறம், மைக் வேலை செய்கிறதே என்ற நிம்மதி ஒருபுறம்.

போட்டதோடு வேலை முடிந்துவிடாது. மத்தியானத்தில் இடி இடித்தால் மோடத்தின் மின்சாரத்தையும் தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். மறந்த வீட்டில் மோடம் கருகும். கணினி திறந்தவுடன் ஸ்கைப்பும் தானாகத் திறந்து, இருக்கிற கொஞ்ச வேகத்தையும் விழுங்கும். சரி என்று அதை நிறுத்தி வைத்தால், மகள் கூப்பிடும்போது ஆள் இல்லை என்று காட்டும். இதற்கு ஊர் கண்டுபிடித்த தீர்வு மிஸ்டு கால். மகள் கைப்பேசியில் ஒரு மணி அடித்து வைப்பாள். இங்கே கணினியைத் திறப்பார்கள். இலவச அழைப்புக்கு ஆள் கூப்பிட இன்னோர் அழைப்பு!

அந்த நாள் ஸ்கைப்பில் இன்னொரு விசேஷம், அதன் வலைப்பின்னலே பயனர்களின் கணினிகளால் ஓடியது. நல்ல இணைப்பில் இருக்கும் கணினிகளைத் தேர்ந்தெடுத்து, மற்றவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க உதவும் வழிகாட்டிகளாக அது ஆக்கிக்கொள்ளும். சூப்பர்நோடு என்பார்கள். 2007 ஆகஸ்டில் விண்டோஸ் புதுப்பித்தலுக்காக உலகெங்கும் ஏராளமான கணினிகள் ஒரே சமயத்தில் அணைந்து எழ, ஸ்கைப் ஏறக்குறைய இரண்டு நாள் படுத்துவிட்டது. 2011இல் 850 கோடி டாலருக்கு அதை வாங்கிய மைக்ரோசாஃப்ட், அடுத்த ஆண்டே அந்த வழிகாட்டி வேலையைத் தன் சொந்தச் சர்வர்களுக்கு மாற்றிக்கொண்டது. எனக்கு இது சின்ன மாற்றமாகத் தோன்றவில்லை. அதுவரை யார் வீட்டு மேசைக்கடியிலோ இருந்த ஒரு பங்கு, கம்பெனி வாசலுக்குள் போய்விட்டது. பதின்மூன்று ஆண்டு கழித்து மூடும்போது யாரையும் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

வீட்டுக் கணினியில் பட்ட தொல்லை வலைப்பக்கங்களிலும் இருந்தது. கேமரன் மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் தங்கள் பக்கத்தில் பச்சை ஸ்கைப் பொத்தான் ஒன்றை ஒட்டிக்கொண்ட காலம் உண்டு. நான்கைந்து வரி நிரலை வெட்டி ஒட்டினால் போதும் என்பார்கள். என் நிலையை வலையில் காட்டலாம் என்று அமைப்பில் ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். குறியிட்டாலும், முதலாளி கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் பொத்தான் சாம்பல் நிறமாகி, கடை மூடியதாக ஊருக்கே அறிவிக்கும். பார்க்கிறவர் கணினியில் ஸ்கைப் இல்லாவிட்டால் அமுக்கியும் பயனில்லை. இன்று அந்த இடத்தில் வாட்ஸ்அப் இணைப்பு. அதிலும் ஒரு பள்ளம்: 012 என்று தொடங்கும் எண்ணின் முன்னால் 60 போடும்போது முதல் சுழியத்தை எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டு, "வாடிக்கையாளரே வர்றதில்லை" என்று சலித்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது 2015இல். அதற்குமுன் 2011இலேயே கூகள், உலாவிக்குள்ளேயே பேச வழி செய்யும் வெப்ஆர்டிசி நிரலைப் பொதுவில் விட்டிருந்தது. 2021 ஜனவரியில் அது அதிகாரபூர்வத் தரமுமாயிற்று. நிறுவல் கோப்பு, ஊசி, சோதனைக் குரல் எல்லாம் போய், மைக்கை அனுமதிக்கவா என்ற ஒரே கேள்விதான் மிச்சம். 2020 மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, அந்தக் கேள்விக்குத் தெரியாமல் 'வேண்டாம்' அமுக்கிவிட்டு, டீச்சருக்குத் தன் குரல் கேட்கவில்லை என்று அழுத பிள்ளைகள் உண்டு. மூன்று பிள்ளைக்கு ஒரு கைப்பேசி இருந்த வீடுகளில் யார் வகுப்பு முதலில் என்ற பஞ்சாயத்து தனி.

தோட்டத்து ஆட்களும் மாறிவிட்டார்கள். நம் தாத்தா பாட்டி தமிழ்நாட்டுக் கிராமத்துக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த இந்த மலையில், இப்போது கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். வேலை முடிந்து குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தால் இமோவிலோ வாட்ஸ்அப்பிலோ குழந்தையின் முகம். அவர்கள் முன்கூட்டி வரிசைப்படுத்திப் பேசுவதில்லை. சில சமயம் அந்தப் பக்கம் சமையல் நடக்க, இந்தப் பக்கம் இவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தம்பியின் வேலை போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். போகவில்லை, தலைகீழாகிவிட்டது. அன்று மென்பொருள் ஏறவில்லையே என்று கூப்பிட்டார்கள். இன்று ஏறிவிட்டதே என்று கூப்பிடுகிறார்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன், போலீசிலிருந்து பேசுகிறேன் என்று இணைய அழைப்பில் ஒருவன் வருகிறான். ஏபிகே என்ற செயலிக் கோப்பு ஒன்றை அனுப்பி அமுக்கச் சொல்கிறான். அமுக்கினால் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையே அவன் படித்துவிட முடியும். இத்தகைய மோசடிகளுக்காக 2022 அக்டோபரில் தேசிய மோசடி உதவி மையம் தொடங்கப்பட்டது. அழைக்க வேண்டிய எண் 997. பணம் கைமாறிய உடனேயே அழைத்தால்தான் அடுத்த கணக்குக்குப் போகுமுன் தடுக்க வாய்ப்பு உண்டு. ஆகவே தம்பி இப்போது வீடு வீடாக ஏறி, கைப்பேசியின் அமைப்பைத் திறந்து, தெரியாத இடத்திலிருந்து செயலி ஏற்ற அனுமதி எதற்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக அணைக்கிறான். "எது வந்தாலும் அமுக்காதீங்க, மொதல்ல எனக்கு அடிங்க" என்று சொல்லிவிட்டு, தன் எண்ணை முதலில் வரும்படி சேமித்துக் கொடுக்கிறான்.